ஐந்து பிள்ளைகளின் தாய் திறந்த பள்ளி

மன்ஹாட்டன் தீவு தெற்கே போய்க் கடலில் முடியும் இடத்தில், ஸ்டேட்டன் தீவுக்குப் படகு புறப்படும் துறைக்கு எதிரே, ஸ்டேட் தெருவில் ஒரு பழைய செங்கல் வீடு நிற்கிறது. வளைந்த முகப்பு, ஒல்லியான மரத்தூண்கள். 1793இல் கட்டிய வீடு. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பிவிட்டன. படகைப் பிடிக்க ஓடுகிறவர்களில் அந்த வீட்டை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. அதையொட்டி, ஒரு காலத்தில் வேறொரு வீடு இருந்த மனையில், இப்போது சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அந்த மனையில் குடியிருந்த பெண்மணியின் பெயர் எலிசபெத் ஆன் சீட்டன். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களில் முதன்முதலாகக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது இவருக்குத்தான். ஐந்து பிள்ளைகளின் தாய், பள்ளி ஆசிரியை.

நான் படித்தது கன்னியர் நடத்திய பள்ளியில். பிறகு ஆசிரியையாகப் பணியாற்றியதும் அப்படியொரு பள்ளியில்தான். காலை வழிபாட்டு மணி, கறுப்புப் பலகை, கட்டணம் கட்ட முடியாத பிள்ளையைத் தலைமைச் சகோதரி தனியே அழைத்து, “நீ வகுப்புக்குப் போம்மா, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்வது, எல்லாம் எனக்குப் பழகியவை. ஆனால் அந்தச் செலவை யார் பார்த்துக்கொண்டார்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அந்த வயதில் கேட்டதில்லை. பால்டிமோரில் வசிக்கும் அக்கா மகள் அழைத்தபோது, சீட்டன் அம்மையார் வாழ்ந்த ஊர்களை அவர் போன வரிசையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நியூயார்க், பால்டிமோர், எம்மிட்ஸ்பர்க். இந்த மூன்று ஊர்களுக்குள்தான் அவருடைய ஆயுள் பெரும்பாலும் அடங்குகிறது.

எலிசபெத் ஏழையாகப் பிறந்தவர் அல்லர். 1774 ஆகஸ்ட் 28 அன்று, அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு முன்பே, பிரிட்டிஷ் குடிமகளாகப் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் பெய்லி பெயர்பெற்ற மருத்துவர். பின்னாளில் நியூயார்க் துறைமுகத்தின் சுகாதார அதிகாரி. தாய்வழித் தாத்தா ஆங்கிலிக்கன் சபையின் போதகர். எலிசபெத்துக்கு மூன்று வயது நிறையும் முன்பே தாய் இறந்துவிட்டார். பத்தொன்பது வயதில் கப்பல் வணிகக் குடும்பத்து வில்லியம் சீட்டனை மணந்தார். அன்னா மரியா, வில்லியம், ரிச்சர்ட், கேத்தரின், ரெபெக்கா என்று ஐந்து பிள்ளைகள்.

1797இல் இந்நகரத்துப் பெண்கள் சேர்ந்து, சிறு குழந்தைகளோடு தவிக்கும் ஏழை விதவைகளுக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களே நடத்திய அறநிலையம் என்பது அந்த நாட்டில் அப்போது அரிது. அதன் பொருளாளர் எலிசபெத். தெருத் தெருவாகப் போய் விதவைகளின் வீட்டு நிலையைப் பார்த்து, ரொட்டி மாவும் விறகும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்த பெண்களில் அவரும் ஒருவர். ஏழாண்டுகள் கழிவதற்குள் அவரே சிறு குழந்தைகளோடு தவிக்கும் ஏழை விதவை ஆனார்.

படகுத்துறைப் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் ஸ்டேட்டன் தீவு தெரிகிறது. அவருடைய தந்தை வேலை பார்த்த தொற்றுநோய் முகாம் அங்கேதான் இருந்தது. அயர்லாந்திலிருந்து பஞ்சத்திலும் காய்ச்சலிலும் வாடி வந்திறங்கிய குடும்பங்களை அங்கே நிறுத்தி வைப்பார்கள். கோடையில் தந்தையோடு தங்கியிருந்த எலிசபெத், பாலில்லாத மார்பில் குழந்தைகள் சாவதைக் கண்ணால் பார்த்தார். அப்போது அவர் கைக்குழந்தைக்காரி. என் பிள்ளைக்கு இருக்கிற பாலை அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன் என்று தந்தையிடம் கேட்டார். உன் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை என்று தந்தை தடுத்துவிட்டார். 1801இல் அந்த முகாமில் தொற்றிய காய்ச்சலிலேயே தந்தையும் இறந்தார். எலிசபெத்தின் வாழ்க்கையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கோரிக்கையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தன் பிள்ளை, ஊரார் பிள்ளை என்ற வேலி அன்றே அவருக்குள் இல்லை.

கணவரின் வணிகம் நொடித்தது. காசநோய் அவரைத் தின்றது. இத்தாலியின் வெயில் உடம்பைத் தேற்றும் என்ற நம்பிக்கையில், மூத்த மகள் அன்னாவை மட்டும் அழைத்துக்கொண்டு, மற்ற நான்கு பிள்ளைகளையும் உறவினரிடம் விட்டுவிட்டு, 1803 அக்டோபரில் இருவரும் கப்பல் ஏறினார்கள். லிவோர்னோ துறைமுகத்தில் இறங்க விடவில்லை. நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் என்ற செய்தி முன்னரே வந்து சேர்ந்திருந்தது. கடலோரத்தில் தொற்றுநோய்க்கென்று ஒதுக்கிய கல் கட்டடத்தில் ஒரு மாதம் அடைத்து வைத்தார்கள். ஈரம் கசியும் சுவர், கடல் காற்று, இருமி இருமி இரத்தம் துப்பும் கணவர். குளிரில் விறைத்த எட்டு வயது மகளுக்குக் கயிறு தாண்டும் விளையாட்டுத்தான் கணப்பு. வெளியே விட்ட எட்டாம் நாள், டிசம்பர் 27 அன்று, பீசா நகரில் வில்லியம் இறந்தார். எலிசபெத்துக்கு இருபத்தொன்பது வயது.

அந்நிய ஊரில் அவரைத் தாங்கியவர்கள் கணவரின் வணிக நண்பர்களான ஃபிலிக்கி குடும்பத்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்களோடு தேவாலயத்துக்குப் போன எலிசபெத்தைத் திருப்பலியும் நற்கருணையும் ஈர்த்தன. தாயில்லாமல் வளர்ந்த அவருக்கு மாதாவின் மீது தனிப் பற்று உண்டானது. இத்தாலிய விதவைகள் அணிகிற கறுப்பு உடையும் தோளை மூடும் துண்டும் தொப்பியும் அணிந்து 1804 கோடையில் நியூயார்க் திரும்பினார். அந்த உடை பற்றி எம்மிட்ஸ்பர்க் வரும்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டேட் தெருவிலிருந்து வடக்கே நடந்தால் பார்க்லே தெரு. அங்கே இருக்கிறது புனித பேதுரு ஆலயம், நியூயார்க் மாநிலத்தின் மிகப் பழைய கத்தோலிக்கப் பங்கு, 1785இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் எலிசபெத் காலத்துக்குப் பிந்தையது. ஆனால் பீடத்துக்கு மேலே தொங்கும் சிலுவைப்பாட்டு ஓவியம் அவர் கண்டு வணங்கிய அதே ஓவியம், மெக்சிக்கோவிலிருந்து வந்தது. 1805 மார்ச் 14 அன்று இந்தப் பங்கில்தான் அவர் கத்தோலிக்கரானார். நான் போனது மதிய நேரம். அருகிலுள்ள அலுவலகங்களிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து பத்து நிமிடம் மண்டியிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த தீயணைப்புப் படையின் ஆன்மகுரு மைக்கேல் ஜட்ஜின் உடலைத் தோழர்கள் தூக்கி வந்து கிடத்தியது இந்தப் பீடத்தின் முன்னால்தான்.

அக்கால நியூயார்க்கில் கத்தோலிக்கர் என்றால் துறைமுகக் கூலிகள், வேலைக்காரப் பெண்கள், வந்தேறிய ஏழைகள். பெரிய வீட்டுப் பெண் அவர்களோடு போய் மண்டியிட்டதை அவருடைய உறவினர் பலரால் ஏற்க முடியவில்லை. பிழைப்புக்காகப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தப் போனார். மதம் மாற்றும் பள்ளி என்ற வதந்தி கிளம்பி அது சீக்கிரமே மூடப்பட்டது. பள்ளிச் சிறுவர்களுக்கு விடுதி நடத்திப் பார்த்தார்; அதுவும் நிலைக்கவில்லை. ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு தாய் கதவு கதவாகத் தட்டிய காலம் அது.

இதே ஆலயத்தில் நாள்தோறும் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்தவர் பியர் தூசான். ஹெய்தியில் அடிமையாகப் பிறந்து, நியூயார்க்கில் சிகையலங்காரத் தொழில் செய்து, விடுதலை பெற்ற கறுப்பின மனிதர். சீட்டன் அம்மையாரின் சகோதரிகள் 1817இல் இந்நகரில் அநாதை இல்லத்தைத் தொடங்கியபோது அதற்காக வாடிக்கையாளர்களிடமெல்லாம் நிதி திரட்டிக் கொடுத்தவர் அவர். கறுப்பினத்தவர் என்பதால் அவரை அவமதித்த நகரத்தின் வெள்ளை அநாதைகளுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆலயத்தில் நின்றபோது இந்த இரண்டு பேரையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

நியூயார்க்கிலிருந்து பால்டிமோருக்கு ஆம்ட்ராக் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1808 ஜூனில் எலிசபெத் போனது கப்பலில், மூன்று மகள்களோடு. பால்டிமோரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்த வாருங்கள் என்று அழைத்தவர் அங்கிருந்த குருமடத்தைச் சேர்ந்த பிரெஞ்சு குரு லூயி துபோர்க். பாக்கா தெருவில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. இரண்டு மாடிச் செங்கல் வீடு. பக்கத்திலேயே குருமடத்தின் கோவில். அவர் வந்திறங்கிய ஜூன் 16 அன்றுதான் அந்தக் கோவிலின் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. ஜார்ஜ்டவுனில் படித்துக்கொண்டிருந்த இரு மகன்களும் பால்டிமோருக்கு வந்து சேர்ந்தார்கள். சிதறிக் கிடந்த குடும்பம் ஒன்று கூடியது.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. “இந்த அறைதான் வகுப்பு, இதே அறைதான் சாப்பாட்டுக் கூடம், இரவில் இதிலேயே பிள்ளைகள் படுக்கை. உங்கள் ஊரிலும் இப்படித் தொடங்கிய பள்ளிகள் இருக்குமே” என்றார். இருக்கின்றன என்றேன்.

கோவிலின் நிலவறைப் பகுதி தாழ்ந்த கூரையோடு இருக்கிறது. அங்கேதான் 1809 மார்ச் 25 அன்று ஆயர் ஜான் கேரல் முன்னிலையில் எலிசபெத் ஓராண்டுக்கான வார்த்தைப்பாடு கொடுத்தார். அன்றுமுதல் அவர் மதர் சீட்டன். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. துறவு என்றால் உறவுகளை விட்டுவிட வேண்டும். இவருக்கோ ஐந்து பிள்ளைகள். எந்தத் திருச்சபையை உயிராக நேசிக்கிறேனோ அதன் சட்டப்படியே, என் பிள்ளைகளுக்கு நான் செய்ய வேண்டிய கடமைக்குக் குறுக்கே வரும் எந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்க முடியாது என்ற கருத்தை அவர் கடிதங்களில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆயரும் அதை ஒப்புக்கொண்டார். சபை ஒழுங்குகள் வகுக்கப்பட்டபோது, தலைமை அன்னை தம் பிள்ளைகளுக்குத் தாயாகவும் காப்பாளராகவும் நீடிக்கலாம் என்று தனி விலக்கு அளிக்கப்பட்டது. பிள்ளைகளை உதறிவிட்டு வந்து புனிதரானவர் அல்லர் இவர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தவர்.

அதே நிலவறைக் கோவிலில்தான் ஹெய்தியிலிருந்து அகதிகளாக வந்த கறுப்பினக் கத்தோலிக்கர்கள் வழிபட்டார்கள். அவர்களுக்குள்ளிருந்து எழுந்த ஆசிரியை மேரி லாஞ்ச். 1829இல் அவர் தொடங்கிய ‘ஒப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் புராவிடன்ஸ்’தான் அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் கறுப்பினக் கன்னியர் சபை. மேரிலாந்து அப்போது அடிமை முறை நிலவிய மாநிலம். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி என்ற ஒன்றே கிடையாது. சீட்டன் பள்ளியின் கதையைச் சொல்கிறவர்கள் அதன் கதவு எட்டாத அந்தப் பிள்ளைகளையும், அவர்களுக்காக வேறொரு கதவைத் திறந்த லாஞ்ச் அம்மையாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால்டிமோரில் அவருடைய புனித பிரான்செஸ் பள்ளி இன்றும் நடக்கிறது.

மறுநாள் காரில் எம்மிட்ஸ்பர்க் கிளம்பினோம். அக்டோபர் மாதம். ஃபிரெட்ரிக் நகரம் தாண்டி 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பியதும் இடப்பக்கம் கட்டாக்டின் மலை கூடவே வருகிறது. மேப்பிளும் ஓக்கும் செம்மையும் மஞ்சளுமாக இலை பழுத்து நின்றன. சாலையோரக் கடைகளில் பரங்கிக்காயும் ஆப்பிளும் குவியல் குவியலாக. அமெரிக்க அதிபர்கள் ஓய்வுக்கு வரும் கேம்ப் டேவிட் இந்த மலைக்குள்தான் இருக்கிறது. “சித்தி, பால்டிமோர்ல இருந்து ஐம்பது மைல்தான். ஒரு மணி நேரத்துல வந்துட்டோம் பாருங்க” என்றாள் அக்கா மகள். 1809 ஜூனில் எலிசபெத்தும் துணைவர்களும் கூடார வண்டியில் இதே தூரத்தைக் கடக்க நாட்கள் ஆயின. குதிரைகள் மெல்லப் போனதால் பாதி வழி நடந்தே வந்தார்கள்.

எம்மிட்ஸ்பர்க்குக்கு ஏன் வர வேண்டும்? பணம் கொடுத்தவர் கேட்ட ஊர் இது. சாமுவேல் கூப்பர் என்பவர் கத்தோலிக்கராக மாறிய செல்வந்தர், குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஏழைப் பெண் பிள்ளைகளின் கல்விக்கென்று தம் சொத்தைக் கொடுத்து, பள்ளி இந்தக் கிராமத்தில்தான் அமைய வேண்டும் என்றார். அந்தப் பணத்தில் வாங்கியது 269 ஏக்கர் பண்ணை நிலம். இன்று நாம் அறக்கட்டளை என்று சொல்கிற ஏற்பாடுதான் இது. கொடுத்தவர் ஒருவர், நோக்கம் ஒன்று, அதை உழைப்பால் நிறைவேற்றியவர் இன்னொருவர்.

நிலத்தில் ஏற்கெனவே இருந்த பண்ணை வீட்டைக் ‘கல் வீடு’ என்கிறார்கள். 1809 ஜூலை 31 அன்று இதில் பதினாறு பேர் குடியேறினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் நெருக்கம் புரிகிறது. தரையில் பாய்விரித்தாற்போல் மெத்தைகளைப் போட்டுப் படுத்தார்கள். குளிர்காலத்தில் கூரைச் சந்துகளின் வழியே பனி விழுந்து போர்வைமேல் கிடக்கும். காபிக்கொட்டை வாங்க வழியில்லாமல் காரட்டை வறுத்துக் காபி போட்டார்கள். மோரும் உப்புக்கண்டமும் சாப்பாடு. துணி துவைக்க ஓடைக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டில் ஒரு மூலை மட்டும் நற்கருணைக்கென்று ஒதுக்கப்பட்டது.

அடுத்த பிப்ரவரியில் ‘வெள்ளை வீட்டுக்கு’ மாறினார்கள். மரக்கட்டைகளால் கட்டி வெள்ளையடித்த பெரிய வீடு. 1810 பிப்ரவரி 22 அன்று ஏழைப் பெண் பிள்ளைகளுக்கான புனித சூசையப்பர் இலவசப் பள்ளி தொடங்கியது. கன்னியர் நடத்திய இலவசக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி அமெரிக்காவில் இதுதான் முதலாவது. இங்கேதான் நான் இளவயதில் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிலமும் வீடும் இருந்தால் மட்டும் பள்ளி நடக்காது. ஆகவே அதே ஆண்டு மே மாதம் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களை விடுதி மாணவியராகச் சேர்த்தார்கள். எழுத்து, கணக்கு, இலக்கணம், புவியியல், பிரெஞ்சு, இசை, தையல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய கட்டணத்தில் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். சீர்திருத்தச் சபைக் குடும்பங்களும் மகள்களை அனுப்பின. பணக்காரர் பிள்ளைக்குத் தரமான கல்வி கொடுத்து, அதன் வருவாயில் ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறப்பது என்ற ஏற்பாட்டைக் கன்னியர் பள்ளிகள் பல நாடுகளில் பின்பற்றியிருக்கின்றன. கட்டணம் கட்ட முடியாத என் வகுப்புத் தோழியரின் நாற்காலிகளுக்கும் யாரோ ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்.

மாணவியரிடம் அவர் சொல்லிவந்த ஒன்றை எனக்கு மறக்க முடியாது. உங்களைக் கன்னியராக்க நான் வரவில்லை; நீங்கள் வாழப்போகிற உலகத்துக்கு உங்களைத் தயார் செய்ய வந்தேன், நல்ல தாய்மாராக ஆக்க வந்தேன் என்பது அதன் சாரம். கன்னியர் சபையின் தலைவி தம் மாணவியரிடம் இப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் தாய்மையின் எடையை அறிந்தவராக இருக்க வேண்டும்.

சகோதரிகளின் சீருடையையும் பார்த்தேன். கறுப்பு அங்கி, தோள் துண்டு, தொப்பி. இத்தாலியில் கணவர் இறந்தபோது எலிசபெத் அணியத் தொடங்கிய அதே விதவை உடை. அதையே சபையின் உடையாக ஆக்கிக்கொண்டார். விதவை உடை உடுத்தியவளை விசேஷ வீட்டில் முன்னால் நிற்க விடாத வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகள் ஓடி வந்து பற்றிக்கொள்ளும் உடையாக அது மாறிப்போனதைப் பார்த்து என் கண் நிறைந்தது.

வெள்ளை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி மரங்களுக்கு நடுவே கல்லறைத் தோட்டம். ஒரே மாதிரியான சிறு வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக. முதலில் இங்கே அடக்கமானவர் எலிசபெத்தின் நாத்தி ஹாரியட், 1809 டிசம்பரில். சில மாதங்களில் இன்னொரு நாத்தி செசீலியா. 1812இல் மூத்த மகள் அன்னா, பதினாறு வயதில். 1816இல் கடைக்குட்டி ரெபெக்கா, பதினான்கு வயதில். காசநோய் அந்தக் குடும்பத்தை விடாமல் துரத்தியது. லிவோர்னோவின் குளிரில் கயிறு தாண்டிய அன்னாவின் கல்லின் முன் நின்றபோது என்னோடு வந்த மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். அன்னா இறந்த பிறகு எலிசபெத் மாதக்கணக்கில் இருளில் மூழ்கியிருந்தார். விசுவாசம் உள்ளவர்களுக்குத் துக்கம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் அந்தத் துக்கத்தோடேயே எழுந்து மறுபடி வகுப்பறைக்குப் போனார்.

1821 ஜனவரி 4 அன்று, நாற்பத்தாறு வயதில், வெள்ளை வீட்டில் கோவிலை ஒட்டிய அறையில் அவரும் காசநோயில் இறந்தார். அதற்குள் அவருடைய சகோதரிகள் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் அநாதை இல்லங்களை ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 1828இல் அவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய மருத்துவமனை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அமைந்த முதல் மருத்துவமனை. 1863இல் உள்நாட்டுப் போரின்போது படைகள் இந்தப் பள்ளி வளாகத்தில் கூடாரமடித்தன. சில நாட்களில் பக்கத்து ஊரான கெட்டிஸ்பர்க்கில் போர் மூண்டது. சகோதரிகள் வண்டிகளில் கட்டுத்துணிகளை ஏற்றிக்கொண்டு போய் இரு தரப்புக் காயம்பட்டோருக்கும் மருந்திட்டார்கள். 1869இல் நியூயார்க்கில் சகோதரி ஐரீன் ஃபிட்ஸ்கிப்பன் ஒரு வீட்டு வாசலில் தொட்டில் வைத்து, கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார். அந்த ‘நியூயார்க் ஃபவுண்ட்லிங்’ நிறுவனம் இன்றும் நகரத்தின் குழந்தைகளையும் குடும்பங்களையும் கவனிக்கிறது. பாலில்லாத குழந்தைகளுக்குப் பால் கொடுக்கக் கேட்டு மறுக்கப்பட்ட தாயின் விருப்பம் எழுபது ஆண்டுகளுக்குள் இப்படி நிறைவேறியது.

இப்போது எம்மிட்ஸ்பர்க்கில் பெரிய பேராலயம் நிற்கிறது; அவருடைய எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அருளாளர் பட்டம் கொடுத்தார். 1975 செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை 6ஆம் பவுல் புனிதராக அறிவித்தார். பேராலயத்தின் பளிங்கும் வண்ணக் கண்ணாடியும் அழகுதான். என் மனம் நின்றது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஊருக்குள் அவர் பெயரில் நடக்கும் ‘மதர் சீட்டன் பள்ளி’. 1810இன் வகுப்பறைக்கு வாரிசு. மற்றொன்று, சகோதரிகளின் ‘சீட்டன் சென்டர்’. பழைய உடைகளையும் வீட்டுச் சாமான்களையும் மலிவு விலைக்கு விற்கும் கடை அங்கே இருக்கிறது. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் தவிக்கிற குடும்பங்களுக்கு அங்கே உதவுகிறார்கள். கையில் குழந்தையோடு ஒரு பெண் குளிர்காலச் சட்டை தேடிக்கொண்டிருந்தார். 1797இல் நியூயார்க்கில் ஏழை விதவைகளுக்காகத் தொடங்கிய அந்தச் சங்கத்தின் வேலைக்கும் இந்தக் கடையின் வேலைக்கும் வேறுபாடு இல்லை.

கன்னியர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. அவர் வழிவந்த நியூயார்க் சகோதரிகள் சபை, இனிப் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று 2023இல் தீர்மானித்துவிட்டது. இருக்கிற சகோதரிகள் முதுமையில் இருக்கிறார்கள். பணியைப் பொதுமக்கள் கையில் ஒப்படைக்கிறார்கள். இதைக் கேட்டு மகள் வருத்தப்பட்டாள். “அப்போ எல்லாம் முடிஞ்சிருச்சா சித்தி?” என்றாள். முடியவில்லை. பள்ளி என்பது சீருடையில் இல்லை. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்பதில் இருக்கிறது. அதைச் செய்யக் கன்னியராக வேண்டும் என்பதில்லை. சீட்டன் அம்மையாரே முதலில் ஒரு தாயாகத்தான் அதைச் செய்தார். கூப்பர் ஒரு மாணவராக இருந்தபோது அதைச் செய்தார். தூசான் கத்தரிக்கோல் பிடித்த கையால் அதைச் செய்தார்.

நம் ஊரிலும் தாய் பெயரில் அறக்கட்டளை வைக்கிற நல்ல வழக்கம் இருக்கிறது. பள்ளியில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு, கோவிலுக்கு மின்விசிறி, நினைவு நாளில் அன்னதானம், எல்லாமே போற்றத்தக்கவை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எம்மிட்ஸ்பர்க் சென்று வந்த உரிமையில் கேட்கிறேன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குக் கை கொடுக்கப் பலர் வருவார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற பெண் பிள்ளை ஒருத்தி உங்கள் தெருவிலேயே இருப்பாள். கணவரை இழந்து, கைப்பிள்ளையோடு மறுபடி படிக்க விரும்பும் பெண்ணும் இருப்பார். அருகிலுள்ள பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டால் பெயர் சொல்வார். உங்கள் தாயின் பெயரால் அப்படி ஒருத்தியின் படிப்பை, ஓராண்டுக்கு மட்டுமல்லாமல் அவள் முடிக்கும்வரை, ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாக முடியாவிட்டால் அண்ணன் தம்பி அக்கா தங்கையர் சேர்ந்து செய்யுங்கள். அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே பள்ளிக்குப் போய்விடுங்கள்.